ஆற்றங்கரை மரத்துக்கு வந்த சாமி

கோலாலம்பூரில் சதுப்புக் காடுகள் பற்றிய கருத்தரங்கு முடிந்ததும் மற்றவர்கள் எல்லாம் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். என்னை ஹமீது பிடித்துக்கொண்டார். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு மலாய்ப் பள்ளியில் வாத்தியார் அவர். நான் பிச்சாவரத்தைப் பற்றிப் படித்த கட்டுரையைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். “எங்கள் ஆற்றங்கரையில் ஒரு மரம் செத்துக்கொண்டிருக்கிறது. ஏன் என்று வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிதம்பரத்தில் இத்தனை வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். ஒரு மரத்துக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. எங்கள் ஊரில் மரம் பட்டுப்போனால், விறகு யாருக்கு என்பதுதான் பேச்சு.

வருகிறேன் என்றேன். மறுநாள் நான் ஏறிய பேருந்து செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஓரிடத்தில் புகையைக் கக்கிவிட்டு நின்றது. எல்லோரும் இறங்கி ஓரமாக நின்றோம். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை. நடத்துநரின் வம்சத்தை இழுக்கவில்லை. எனக்கு அதுவே ஒரு குறையாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே நெத்திலிக் கருவாடும் மிளகாய்ச் சம்பலும். “சாப்பிடுங்கக்கா, பஸ்ஸு இப்ப கெளம்பாது லா” என்றாள். அந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு ‘லா’ வால் உண்டு. காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. பெயர் கேட்பதற்குள் அவள் வேறொருவரின் லோரியில் ஏறிப் போய்விட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை. ஹமீது சொல்லி நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தவர் லெட்சுமணன். ஐம்பதைத் தொட்டிருப்பார். செம்பனை ஆலையில் வேலை. ஷிப்டு முடிந்த நேரமெல்லாம் ஆற்றங்கரைக் காவல். என் பெட்டியை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக் கட்டி, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். நான் கடைசியாக இரண்டு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தது கல்யாணமான புதிதில். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன் என்பதால் அன்றைய இயற்கைக் காட்சிகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

அவர் மனைவி பாக்கியம் வைத்த மீன்குழம்பைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. புளிக்குப் பதில் அதில் வேறொரு புளிப்பு. கேட்டதும், பச்சையாக, காம்பில் நட்சத்திரம் ஒட்டினதுபோல் ஒரு காயைக் கொண்டுவந்து காட்டினாள். பெரெம்பாங் என்றாள். ஆற்றோரத்தில், உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில் வளரும் மரம். எங்கள் பக்கத்துச் சுரபுன்னைக்கு ஒருவகையில் உறவு என்று சொல்லலாம். நான் பார்க்க வந்திருந்த நோயாளியும் அந்தச் சாதிதான்.

சாப்பாட்டுக்கு நடுவே பாக்கியம் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். கிள்ளானில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் வயிறு திறக்கவில்லை. வந்த கருவும் தங்கவில்லை. “நம்ம ஆத்தங்கரை முனியாண்டிகிட்ட நேந்துக்கிட்டேன் டீச்சர். தங்கிருச்சு. இது ஒம்பதாம் மாசம். புள்ள கையிக்கு வர்ற வரைக்கும் சாயந்தரமானா அங்க வெளக்கு ஏத்தணும், அதான் வேண்டுதல்.” லெட்சுமணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எனக்கும் அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஹமீது வந்தார். ஊரில் தமிழர்கள் அவரைச் ‘சிக்கு’ என்கிறார்கள். அங்கே வாத்தியார்களை அழைக்கும் முறை அது. லெட்சுமணனும் சேர, மூவரும் கரையோரமாக நடந்தோம். ஒரு பக்கம் செம்பனை, வகுப்பில் பிள்ளைகளை நிறுத்தினதுபோல் வரிசை வரிசையாக. மறுபக்கம் ஆறும், ஆற்றைத் தொட்டபடி ஒரு பட்டை காடும். நடுவில் ஒற்றையடிப் பாதை. தோட்டம் கைமாறியபோது அந்தப் பட்டையும் சேர்ந்து போயிருக்க வேண்டியது. மலாய்க்காரர்களும் தமிழர்களும் ஒரு சீன மளிகைக் கடைக்காரரும் சேர்ந்து அறக்கட்டளை ஒன்று தொடங்கி, நில அலுவலகத்தில் நடையாய் நடந்து, அதை மட்டும் குத்தகைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். நிபந்தனைகள் எளிமையானவை. பாதை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். காட்டில் எந்தக் கட்டடமும் எழக்கூடாது.

எதிரே மீன்கூடையோடு ஒருவர் வந்தார். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். எல்லோரும் எல்லோருக்கும் ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பொது வழிகள் ஒவ்வொன்றாக யார் யாருடைய மதில்களுக்குள் போய்விட்டன என்பதை நினைத்துப் பார்த்து, பொறாமைப்பட்டேன். ஒளிப்பானேன், நன்றாகவே பொறாமைப்பட்டேன்.

அப்புறம் அந்த மரம் வந்தது. பெரிய மரம், நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அடியில் ஓர் இரும்புச் சூலம், மஞ்சள் துணி, எலுமிச்சம்பழ மாலை. யாரோ வைத்த சுருட்டு. சீனர்கள் கொளுத்தும் சிவப்பு ஊதுபத்தி. அதைச் சுற்றிச் சிமெண்டுத் தளம், தளத்துக்கு மேல் தகரக் கூரை, கூரையில் ஒரு குழல்விளக்கு, அதற்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டர். மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன.

நோயைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவைப்படவில்லை. சேற்றில் வளரும் இந்த மரங்களின் வேர் கீழே மூச்சுவிட முடியாது. ஆகவே விரல் விரலாக மேலே எழுந்து வந்து காற்றை வாங்கும். அந்த விரல்களை வெட்டிச் சமப்படுத்தி, மேலே சிமெண்டைக் கொட்டியிருந்தார்கள். “மரத்தின் மூக்கைப் பொத்தியிருக்கிறீர்கள்” என்றேன், கொஞ்சம் உரக்கவே. ஹமீது தெரிந்த சாவுச் செய்தியை மறுபடியும் கேட்கிறவர்போல் தலையாட்டினார். மரம் மட்டுமல்ல, என்றார். நாளை மறுநாள் நில அலுவலக அதிகாரி குத்தகையைப் புதுப்பிக்க நேரில் பார்க்க வருகிறார். இந்தக் கூரையைப் பார்த்தால் நிபந்தனை மீறல். பட்டை முழுவதும், பாதையும் சேர்ந்து, தோட்டத்தோடு போய்விடும்.

“அப்படியானால் பிரித்துவிடுங்களேன்” என்றேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் வெளியூர்க்காரி என்பது எனக்கு உறைத்தது. ஹமீது சொன்னார்: “நான் மலாய்க்காரன், அம்மா. ஓர் இந்துக் கோயிலில் நான் கைவைத்தால் அது மரத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது.”

அன்று மாலை லெட்சுமணன் என்னைச் சம்பான் என்கிற சிறு படகில் ஏற்றிக்கொண்டு போனார். இருட்டத் தொடங்கியதும் கரையோர மரங்கள் மின்ன ஆரம்பித்தன. மின்மினிகளை நான் சிறு வயதிலிருந்தே பார்த்தவள்தான். ஆனால் ஒரு மரம் முழுக்கப் பல்லாயிரம் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைவதை அன்றுதான் பார்த்தேன். இதற்காகவே இதே ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தானுக்கு வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்களாம். மரத்துக்கு மரம் அப்படியே தொடர்ந்து வந்த மினுக்கம் ஓரிடத்தில் நின்றுபோனது. பல் விழுந்த வாய்போல அங்கே வெறும் இருட்டு. இருட்டின் நடுவில், நீல வெளிச்சத்தில், முனியாண்டி. விளக்கு எரிகிற மரத்துக்கு மின்மினி வராது என்றார் லெட்சுமணன்.

அந்த நேரம் பார்த்து ஆறு வற்றியது. கடலுக்கு அருகில் இருக்கும் ஆறு, ஓதம் இறங்கினால் கரையோரம் சேறுதான். சம்பான் உட்கார்ந்துவிட்டது. லெட்சுமணன் துடுப்பால் தள்ளிப் பார்த்தார். நான் ஆலோசனை சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவுதான் உதவின. தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்று ஆனதும் கொசுவை அடித்தபடி அவர் சொன்னார்:

“அந்த சூலத்த நட்டது நாந்தான் டீச்சர்.”

கம்பு வெட்டுகிறவர்கள் படகில் வந்து, யாரும் இல்லாத வேளை பார்த்து மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த காலம். காவலுக்கு இவர் ஒருவர். “ஷிப்டு முடிச்சி வந்து பாத்தா ரெண்டு மரம் காணோம். போலீஸுல சொன்னா, மரத்துக்கெல்லாம் ஆளு அனுப்ப முடியாதுங்கறான். எனக்கு வேற வழி தெரியல. ஆலையில ஒரு கம்பிய அடிச்சி சூலமாக்கி, மஞ்சத் துணியச் சுத்தி, ஆளு இல்லாதப்ப கொண்டாந்து ஊணிட்டேன். மறுநாள்லேருந்து ஒருத்தன் வரல லா. மலாய்க்காரன், சீனன், நம்மாளு, யாரும் கத்தி வெக்கல.”

காட்டைக் காக்கச் சட்டத்தால் முடியாததை ஓர் இரும்புக் கம்பி செய்திருக்கிறது. நானாக இருந்தாலும் நட்டிருப்பேன். ஆனால் நட்டவருக்கு ஒன்று மறந்துவிட்டது. நம் மனிதர்களிடம் ஒரு சூலத்தைக் காட்டிவிட்டு, தூர நின்று பயப்படுங்கள் என்று சொன்னால் நிற்பார்களா? கிட்டே வந்து பொங்கல் வைப்பார்கள். முதலில் ஒரு கற்பூரம், பிறகு ஒரு சேவல், பிறகு நேர்த்திக்கடன். லோரி வைத்திருக்கும் மாரிமுத்துவுக்கு விபத்தில் உயிர் தப்பியதும், தளமும் கூரையும் அவர் செலவில் எழுந்துவிட்டன.

“எல்லாருக்கும் முன்னாடி உண்மையச் சொல்லிருங்களேன்” என்றேன்.

“சொல்லலாம். பாக்கியம்?” என்றார். வயிற்றில் குழந்தையோடு ஒரு பெண் கிள்ளானில் இருந்தாள். அவளுடைய தாய் நம்பிய சாமி வெறும் கம்பி என்று எந்தத் தகப்பன் சொல்வான்? தண்ணீர் ஏறிச் சம்பான் மிதந்தபோது என் கால்கள் மரத்திருந்தன.

அடுத்த நாள் காலை மரத்தடியில் கூட்டம். வெள்ளை வேட்டியும் கழுத்தில் தங்கச் சங்கிலியுமாக மாரிமுத்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவரே அவர்தான். ஹமீது தூரத்தில், பாதையிலேயே நின்றுகொண்டார். அதிகாரி வரும் விஷயத்தை அறக்கட்டளையின் சார்பில் லெட்சுமணன் சொன்னார். சாமியைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமே என்றார். முணுமுணுப்பு எழுந்தது. காலாகாலமாக இருக்கிற சாமியை எப்படி நகர்த்துவது என்று ஒரு கிழவர் கேட்டார்.

லெட்சுமணன் பாக்கியத்தை ஒருமுறை பார்த்தார். “காலாகாலமா இல்ல. நாந்தான் ஊணுனேன். மரம் வெட்ட வர்றவன பயங்காட்ட ஊணுனேன்.”

பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாரிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். குரலில் கோபமில்லை.

“ஊணுனது நீ. சரி. வந்து உக்காந்தது யாரு? எந்தச் சாமிய ஆளு ஊணாம இருந்தான்? நம்ம பாட்டன் கப்பல்ல வந்தப்ப, கல்ல நட்டுத்தான கும்பிட்டான்?”

உண்மையைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று முந்தின நாள் புத்தி சொன்னவள் நான். அப்போது யாரோ, “இந்தியாவுலேருந்து டீச்சர் வந்திருக்காங்க, சிதம்பரம், அவங்க சொல்லட்டும்” என்றார்கள். சிதம்பரத்துக்காரி என்றால் ஆகமம் தெரிந்திருக்கும் என்று எண்ணம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் ஊருக்குத் தில்லை என்று பெயர். தில்லை ஒரு மரம், இந்தப் பெரெம்பாங் மாதிரி உப்பங்கழியில் வளர்கிறது. அந்தக் காட்டுக்குள்தான் சாமி வந்து ஆடினார் என்பது ஐதீகம். கோயில் பெரிதாகிவிட்டது, கோபுரங்கள் எழுந்துவிட்டன, பொன் வேய்ந்த கூரைகூட இருக்கிறது. தில்லை மரம் பார்க்க வேண்டுமென்றால் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போகிறேன். ஊருக்குள் காடு இல்லை. “இந்த மரமும் சாகும். சாமிக்குக் கூரை மிஞ்சும்” என்று முடித்தேன்.

பிறகு மாரிமுத்து, “அப்ப சாமியவே கேட்ருவோம். பூக் கட்டிப் பாப்போம்” என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். ஒன்றுபோல் வாழையிலையில் சுற்றி, நூலால் கட்டிச் சூலத்தின் முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் சாமி இடம் மாறச் சம்மதம். சிவப்பு வந்தால் இங்கேயே. எடுப்பதற்கு எந்தக் கட்சியும் சாராத ஆள் வேண்டும். எல்லோருடைய கண்ணும் என் மேல். விஞ்ஞானம் படித்தவள், இதெல்லாம் எனக்கு ஆகாது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த முகங்களுக்கு முன்னால் அப்படிச் சொல்வது அசிங்கமாக இருந்திருக்கும். குனிந்து, வெள்ளை வரட்டும் என்று வேண்டிக்கொண்டு (யாரிடம் என்று கேட்காதீர்கள்) ஒன்றை எடுத்தேன்.

சிவப்பு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கையால் அந்தக் காடு போயிற்று என்றே நினைத்தேன். மாரிமுத்து உரக்க அரோகரா சொன்னார். அடுத்து செங்கல் சுவர் என்றார். அதிகாரியிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். பாதையில் நின்ற ஹமீது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இருங்க,” என்றாள் பாக்கியம். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். “இங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டாரு. சரி. கூரை வேணும்னு கேட்டாரா? சிமிட்டு கேட்டாரா? லைட்டு கேட்டாரா? நாம கேட்டது அவரு இருக்காரா போறாரான்னு மட்டுந்தான். மழையில நனையிற சாமி லா இவரு. காட்டுலதான குடியிருக்காரு? காட்ட அழிச்சிட்டு அவர எங்க இருக்கச் சொல்றீங்க?”

மாரிமுத்து தலைக்கு மேலிருந்த கூரையை நிமிர்ந்து பார்த்தார். பாக்கியம் குரலைத் தாழ்த்தி, “என் வெளக்கும் வேணாம்” என்றாள். அதற்கு அப்புறம் எதிர்த்துப் பேச அங்கே ஆளில்லை. எல்லோருக்கும் அவள் மகளைத் தெரியும்.

மத்தியானத்துக்குள் கூரை இறங்கியது. தகரத்தை மாரிமுத்துவே தன் லோரியில் ஏற்றினார். முகம் மட்டும் சரியில்லை. சிமெண்டை உடைக்கும்போது மீதி வேருக்கு அடிபடாமல் எப்படி உடைப்பது என்று நான் காட்டினேன். அந்தப் பயணத்தில் என் படிப்பு பயன்பட்ட ஒரே இடம். தளத்துக்கு அடியில் வேர்கள் கறுத்துக் கிடந்தன. சில இன்னும் உயிரோடு இருந்தன. மரம் பிழைக்குமா என்று கேட்டார்கள். பிழைக்கலாம் என்றேன்.

அடுப்படியில் பாக்கியத்திடம் மெல்லக் கேட்டேன், சூலம் லெட்சுமணன் நட்டது என்று தெரிந்ததும் மனம் கஷ்டமாக இருந்ததா என்று. அவள் சிரித்தாள். “அது எங்க வீட்டுக் கொடிக்கம்பி டீச்சர். துணி காயப்போடற கம்பி காணாமப் போனா பொம்பளைக்குத் தெரியாதா? மொத நாளே பாத்துட்டேன். தெரிஞ்சிதான் கும்பிட்டேன்.” பிறகு மீனைத் திருப்பிப் போட்டாள்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். இளைஞர், மழைக்காலணி அணிந்திருந்தார். பாதை முழுவதும் நடந்தார். உடைந்த சிமெண்டைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. சூலத்தைப் பார்த்து, இது என்ன என்றார். “இந்தக் காட்டின் காவல்காரர்” என்றார் ஹமீது. அதிகாரி தலையசைத்துவிட்டு, அதைத் தொடாமல் நன்றாகவே சுற்றிக்கொண்டு நடந்தார். புதுப்பிக்கப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹமீது எல்லோருக்கும் இழுத்து ஆற்றிய தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஒருவரும் பெரிதாகக் கொண்டாடவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின மாலை, பாக்கியம் வழக்கமான நேரத்தில் மரத்தடிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கையில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. விளக்கை வீட்டிலேயே ஏற்றலாமே என்றேன். “நேந்துக்கிட்டது இங்க. வீட்டுல ஏத்துனா அது வேற வெளக்கு டீச்சர்” என்றாள்.

“பயமா இருக்கா?”

“இருக்கு,” என்றாள். “அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு போச்சு.”

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எதிர்க்கரையில் மின்மினிகள் தொடங்கிவிட்டன. எங்கள் மரத்தில் ஒன்றுகூட இல்லை. பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. ஆலை உடுப்போடு லெட்சுமணன் வந்து, மனைவியைத் தாண்டிப் போய்ச் சூலத்தின் எதிரே நின்றார். இத்தனை நாளில் அவர் அங்கே கைகூப்பி நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றினார். நான் பின்னால் இருப்பதை மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். தன் வீட்டுக் கொடிக்கம்பியைக் கும்பிட்டுச் சொன்னார்:

“வெளக்க நிறுத்துனது அவ இல்ல. நாந்தான். கோவம்னா எம்மேல வா. எம்மவகிட்ட போவாத.”